நெல்லின் குலை நோய் எதிர்ப்பு மரபியல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

பயிர்ப் பெருக்கத் துறையிலோ பயிர் நோயியல் துறையிலோ முதுநிலைப் படிப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள், குலை நோய் எதிர்ப்புத்திறன் குறித்த ஆய்வை எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கட்டுரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களின் பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன; அவற்றுள் எது நம் வயலுக்குப் பொருந்தும் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. "இந்த ரகம் குலை நோயைத் தாங்கும்" என்ற ஒற்றை வரி, எந்தப் பூஞ்சைக்கு எதிராக, பயிரின் எந்த உறுப்பில், எந்த வயதில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொன்ன பிறகே அறிவியல் கூற்றாகிறது. கீழே சொல்லப்போகும் படிகள் அனைத்தும் அந்த மூன்று விடைகளைத் தேடுவதற்கான வழிகளே.

இந்த நோய்க்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் குலை நோய் முதன்முதலாக 1913-இல் பதிவானது. 1919-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் டெல்டாவில் அது பெருஞ்சேதம் விளைவித்தது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுள் கோ 4 எதிர்ப்புத்திறனுக்காகப் பெயர் பெற்றது. அதே நிலையத்தின் கோ 39 அதற்கு நேர்மாறாக, எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகம் என்பதற்காகவே உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இடம்பிடித்தது. அந்த ரகத்தைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்படி: நோயைச் சரியாக அடையாளம் காணுங்கள்

குலை நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மேக்னபோர்த்தே ஒரைசே. அதன் பழைய பெயரான பைரிகுலேரியா ஒரைசே என்பதும் இன்றளவும் வழக்கில் இருக்கிறது. எதிர்ப்பு மரபணுக்களின் பெயர்கள் 'பை' என்று தொடங்குவது அதனால்தான். இலையில் தோன்றும் புள்ளி இரு முனைகளும் கூர்மையாகி, கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாக இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளிகளோ எள்ளளவில் நீள்வட்டமாக, இலை முழுவதும் ஓரளவு சீராகப் பரவியிருக்கும். தொடக்க நிலையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், கண்ணை மட்டும் நம்பாமல் இலைத்துண்டைப் பெட்ரித் தட்டில் ஈரமான வடிதாளின் மேல் ஓரிரவு வைத்து, மறுநாள் காலை பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் பாருங்கள். குலை நோயானால் புள்ளியின் நடுவில் சாம்பல் நிறப் பூம்பஞ்சு போன்ற வளர்ச்சி எழுந்திருக்கும். ஊசி முனையால் அதைத் தொட்டெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டு குறுக்குச் சுவர்களால் மூன்று அறைகளாகப் பிரிந்த, பேரிக்காய் வடிவ ஸ்போர்கள் தெரியும். செம்புள்ளி நோயின் ஸ்போர்கள் நீண்டு, சற்றே வளைந்து, பல அறைகளுடன் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒருமுறை இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

பூஞ்சை இலைக்குள் நுழையும் விதத்தையும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் எதிர்ப்பின் ஒவ்வொரு கட்டமும் அதனோடு இணைந்தது. ஈரமான இலைப்பரப்பில் விழுந்த ஸ்போர் சில மணி நேரத்தில் முளைத்து, முளைக்குழலின் நுனியில் அப்ரசோரியம் என்ற குவிந்த உறுப்பை உருவாக்குகிறது. மெலனின் பூசிய அதன் சுவருக்குள் ஏறும் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் அளவை எட்டுகிறது. காரின் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தால் இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே செல்லும் பூஞ்சை, முதல் சில நாட்கள் செல்களைக் கொல்லாமல் அவற்றின் உள்ளே வளர்ந்து, பிறகுதான் அவற்றை அழிக்கத் தொடங்குகிறது. இந்தத் தொடக்க நாட்களில் செடி பூஞ்சையை அடையாளம் கண்டுகொள்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றவை யாவும் அமைகின்றன.

இரண்டாம் படி: எதிர்ப்பின் இரு அடுக்குகளையும் பிரித்தறியுங்கள்

எல்லா நெல் ரகங்களிலும் உள்ள முதல் அடுக்கு, பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினை உணர்கிறது. நெல் செல்லின் வெளிப்புறத்தில் உள்ள செபிப், செர்க்-1 என்ற புரதங்கள் இணைந்து இந்த வேலையைச் செய்கின்றன. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. எஸ்எல்பி-1 என்ற புரதத்தைச் சுரந்து, கைட்டின் துண்டுகளைச் செடி உணர்வதற்குள் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வாறு செடியின் தற்காப்பை முடக்குவதற்காகப் பூஞ்சை அனுப்பும் புரதங்களை எஃபெக்டர்கள் என்பர்.

இரண்டாவது அடுக்கு செல்லுக்குள் இருக்கிறது. குறிப்பிட்ட எஃபெக்டரை அடையாளம் காணும் ஏற்பிப் புரதம் செடியில் இருந்தால், தாக்கப்பட்ட செல் தன்னைத்தானே விரைவாக மாய்த்துக்கொண்டு பூஞ்சையை அங்கேயே முடக்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். பெரும்பாலான 'பை' மரபணுக்கள் இத்தகைய ஏற்பிகளையே குறிக்கின்றன. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹெரால்டு ஃபுளோர் 1940-களில் நிறுவிய 'மரபணுவுக்கு மரபணு' என்ற கோட்பாடு இதுதான்: செடியில் உள்ள ஓர் எதிர்ப்பு மரபணு, பூஞ்சையில் அதற்கு இணையான ஒரு மரபணு இருந்தால் மட்டுமே வேலை செய்யும்.

நெல்லில் இதற்குத் தெளிவான சான்று பை-டா. 12-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு தரும் புரதம் 928 அமினோ அமிலங்களைக் கொண்டது. அதன் 918-ஆம் இடத்தில் அலனின் இருந்தால் எதிர்ப்பு. செரின் இருந்தால் எதிர்ப்பு இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள், பூஞ்சையின் ஏவிஆர்-பிடா என்ற எஃபெக்டர் புரதத்தோடு இது நேரடியாகப் பிணைவதைக் காட்டின. ஆனால் பூஞ்சையில் அந்த எஃபெக்டரைத் தரும் ஏவிஆர் மரபணு குரோமோசோமின் நுனிக்கு மிக அருகில் இருக்கிறது. நுனிப்பகுதி எளிதில் அறுபடும். இடம்மாறும் டிஎன்ஏ துண்டுகள் நுழைந்து அதைக் கெடுப்பதும் உண்டு. அதை இழந்த பூஞ்சை, பை-டா உள்ள செடியையும் தடையின்றித் தாக்கும். செடியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எனினும் எதிர்ப்புத்திறன் போய்விட்டது. இந்த ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் புரிந்துகொள்பவருக்கு இத்துறையின் பாதி விளங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: உங்கள் பூஞ்சையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

பலரும் நெல்லில் தொடங்குகிறார்கள். பூஞ்சையில் தொடங்குவதே சரி. நோயுற்ற இலைகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து ஸ்போர்களை எடுத்து, வெற்று அகார் தட்டில் தேய்த்து, முளைத்த ஒரே ஒரு ஸ்போரை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் எடுத்து ஓட்ஸ் அகாரில் வளர்க்க வேண்டும். இவ்வாறு ஒற்றை ஸ்போரிலிருந்து பெறப்பட்ட பூஞ்சை வளர்ப்பே ஐசோலேட் எனப்படும். ஒரே இலையின் இரு புள்ளிகளில்கூட வெவ்வேறு வகைப் பூஞ்சைகள் இருக்கக்கூடும் என்பதால் இந்த ஒற்றை ஸ்போர் நிலையைத் தவிர்க்கவே கூடாது. அகாரில் மீண்டும் மீண்டும் மாற்றி வளர்த்தால் பூஞ்சை ஸ்போர் தரும் திறனையும் நோய் உண்டாக்கும் திறனையும் இழக்கத் தொடங்கும். எனவே முதல் வளர்ப்பிலேயே மலட்டு வடிதாள் துண்டுகளின் மேல் அதைப் படரவிட்டு, நன்கு உலர்த்தி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் சேமித்துவிடுங்கள்.

அடுத்து அந்த ஐசோலேட் எந்தெந்த எதிர்ப்பு மரபணுக்களை வெல்லும் என்று கண்டறிய வேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் இணைந்து உருவாக்கிய ஒற்றை மரபணு வரிசைகள் இதற்குப் பயன்படுகின்றன. சீனாவின் யுன்னான் பகுதியைச் சேர்ந்த லிஜியாங்ஷின்துவான்ஹெய்கு என்ற, எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகத்தின் பின்புலத்தில், வரிசைக்கு ஒன்றாக 24 எதிர்ப்பு மரபணுக்களை இவை தாங்கியிருக்கின்றன. உங்கள் ஐசோலேட்டை இந்த வரிசைகளின் மேல் தெளித்து, எவை நோயுறுகின்றன, எவை தாங்குகின்றன என்று குறித்தால், அந்தப் பூஞ்சையின் இனவகை தெரிந்துவிடும்.

கோ 39 இடம்பெறுவதும் இத்தகைய பணியில்தான். அதன் பின்புலத்தில் உருவான சி101எல்ஏசி, சி101ஏ51, சி101பிகேடி ஆகிய வரிசைகள் முறையே பை-1, பை-2, பை-டா ஆகியவற்றைத் தாங்குகின்றன. 1992-இல் வெளியான இவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் கோ 39 முற்றிலும் எதிர்ப்பற்ற ரகம் அன்று. அதனுள் ஆர்ஜிஏ-4, ஆர்ஜிஏ-5 என்ற இணை மரபணுக்கள் உள்ளன. அவை ஏவிஆர்1-கோ39 என்று இந்த ரகத்தின் பெயராலேயே அழைக்கப்படும் எஃபெக்டரை அடையாளம் காண்கின்றன. நெல்லைத் தாக்கும் ஐசோலேட்டுகளுள் பெரும்பாலானவற்றில் அந்த எஃபெக்டர் இல்லை. ஆகவே கோ 39 நம் வயலில் நோய்வாய்ப்படுகிறது. அந்த எஃபெக்டரைக் கொண்ட ஐசோலேட்டைத் தெளித்தால் அதே கோ 39 தாங்கி நிற்கும்.

நான்காம் படி: நாற்றுகளில் நோயை ஏற்றி மதிப்பிடுங்கள்

கண்ணாடிக் குடிலில் சோதிக்கும்போது மூன்று அல்லது நான்கு இலைப் பருவத்து நாற்றுகளைப் பயன்படுத்துங்கள். ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சம் ஸ்போர்கள் என்ற அளவில் கரைசல் தயாரித்து, இலையில் ஒட்டிக்கொள்வதற்காக 0.02 சதவீதம் டுவீன் 20 கலந்து, நுண்துளிகளாகத் தெளித்து, ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் நிறைந்த இருட்டறையில் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஏழாம் நாள் அளவில் மதிப்பெண் இடலாம். தெளித்த நாளில் எது இளம் இலையோ அதை வண்ண நூலால் அடையாளமிட்டு, அந்த இலையையே மதிப்பிடுங்கள். முதிர்ந்த இலைகளுக்கு வயதாலேயே ஓரளவு எதிர்ப்பு வந்துவிடுவதால், அவற்றைப் பார்த்துக் கணித்தால் முடிவு தவறிவிடும்.

வயலில் சோதிக்கும் முறை வேறு. சீரான குலை நோய் நாற்றங்கால் எனப்படும் அமைப்பில், சோதனை வரிசைகள் 50 செ.மீ. நீளத்தில் 10 செ.மீ. இடைவெளியில் விதைக்கப்படும். அவற்றைச் சுற்றிலும் கோ 39, எச்ஆர் 12 போன்ற, எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகங்களை நோயைப் பரப்பும் வரிசைகளாக விதைத்து, தழைச்சத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக இட்டு, மாலையில் நீர் தெளித்து இலைகளை ஈரமாக வைத்திருப்பார்கள். தாங்கும் ரகத்துக்கான ஒப்பீடாக வியட்நாமின் டெடெப் விதைக்கப்படும். தமிழ்நாட்டில் இயற்கையாகவே நோய் கடுமையாக வரும் இடமாக நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் இத்தகைய சோதனைகளுக்குப் பயன்பட்டுவருகிறது. ஒப்பீட்டு ரகம் முழுமையாக நோயுறாத பருவத்தில் எடுத்த எந்தத் தரவையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நோய் வராததை எதிர்ப்புத்திறன் என்று எழுதிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

மதிப்பெண் 0 முதல் 9 வரை. ஊசிமுனைப் புள்ளிகள் மட்டும் இருந்தால் 1. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு உருண்டைப் புள்ளிகள் கீழ் இலைகளில் இருந்தால் 2, மேல் இலைகளிலும் இருந்தால் 3. மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீண்ட, குலை நோய்க்கே உரிய கண் வடிவப் புள்ளிகள் வந்து, இலைப்பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே பாதித்திருந்தால் 4. அதற்கு மேல் பாதிக்கப்பட்ட பரப்பைப் பொறுத்து மதிப்பெண் ஏறும். 75 சதவீதத்தைத் தாண்டினால் 9. மரபுப் பண்பைக் கணக்கிடும்போது 3-க்கும் 4-க்கும் இடையில் கோடு போடுவதே நல்லது, ஏனெனில் அங்கே மாறுவது பரப்பின் அளவன்று, புள்ளியின் வகை.

ஐந்தாம் படி: கலப்பினத் தலைமுறையை எண்ணுங்கள்

தாங்கும் ரகத்தையும் நோயுறும் ரகத்தையும் கலப்புச் செய்து, முதல் தலைமுறைச் செடிகள் தாங்குகின்றனவா என்று பாருங்கள். தாங்கினால் பண்பு ஓங்கு தன்மை உடையது. இரண்டாம் தலைமுறையில் ஒரே ஐசோலேட்டைத் தெளித்து எண்ண வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 200 செடிகளுள் 143 தாங்குகின்றன, 57 நோயுறுகின்றன. ஓர் ஓங்கு மரபணு என்றால் 3:1 விகிதப்படி 150, 50 என எதிர்பார்ப்போம். வேறுபாடு 7, அதன் வர்க்கமான 49-ஐ 150-ஆலும் 50-ஆலும் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் கை-வர்க்க மதிப்பு 1.31. 5 சதவீத நிலைக்கான வரம்பான 3.84-க்கு அது குறைவாக இருப்பதால் 3:1 என்ற கருதுகோளை நிராகரிக்க வேண்டியதில்லை. தனித்தனியே இயங்கும் இரண்டு ஓங்கு மரபணுக்கள் இருந்தால் விகிதம் 15:1 ஆகும். ஒவ்வொரு செடியின் மூன்றாம் தலைமுறைக் குடும்பத்தையும் சோதித்து 1:2:1 விகிதம் (முழுதும் தாங்குபவை, இரண்டும் கலந்தவை, முழுதும் நோயுறுபவை) வருகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். இரண்டாம் தலைமுறையில் நோயேறாமல் தப்பிய செடிகள் அப்போதுதான் வெளிப்படும்.

வேறோர் ஐசோலேட்டைத் தெளித்தால் அதே கலப்பினத்தில் 3:1 என்பது 15:1 ஆகவோ, ஒரு செடிகூடத் தாங்காத நிலையாகவோ மாறலாம். அது பிழையன்று. இரு பெற்றோரிலும் உள்ள மரபணுக்களுள் எவற்றை அந்த ஐசோலேட் தூண்டுகிறது என்பதையே நீங்கள் எண்ணுகிறீர்கள்.

விகிதம் எதற்கும் பொருந்தாமல் மதிப்பெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருந்தால், பல சிறு விளைவு மரபணுக்கள் சேர்ந்து இயங்குகின்றன என்று கருதி, அவை குரோமோசோம்களில் எங்கெங்கே உள்ளன என்று தேடும் அளவுப்பண்பு இருப்பிட ஆய்வுக்குச் செல்ல வேண்டும். இலையுறைக் கருகல் நோயில் வேலை செய்வோருக்குத் தொடக்கத்திலிருந்தே இந்த வழிதான். அந்த நோயை முழுமையாகத் தடுக்கும் ஒற்றைப் பெருமரபணு நெல்லில் இதுவரை கிடைக்கவில்லை.

ஆறாம் படி: மார்க்கரைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

2005-இல் நெல்லின் 12 குரோமோசோம்களின் மரபணுத்தொகுதியும், அதே ஆண்டில் பூஞ்சையின் மரபணுத்தொகுதியும் வெளியான பிறகு மார்க்கர் பணி, அதாவது மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறியைக் கொண்டு செடிகளைத் தேர்வது, பெரிதும் எளிதாகிவிட்டது. தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது பை-54. டெடெப் ரகத்திலிருந்து இந்திய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதற்கான பை54-எம்ஏஎஸ் என்ற மார்க்கர் மரபணுவுக்கு உள்ளேயே அமைந்தது. பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் எதிர்ப்பு அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) 216 கார இணைகள் அளவிலும், எதிர்ப்பற்ற அல்லீல் 359 கார இணைகள் அளவிலும் பட்டைகளாகத் தெரியும். கலப்பினச் செடியில் இரண்டு பட்டைகளும் வரும். இடைவெளி பெரியது என்பதால் புதியவர் கண்ணும் தவறாது.

பட்டை தெரிந்தவுடன் "எதிர்ப்புத்திறன் உண்டு" என்று எழுதிவிடக் கூடாது. மரபணுவுக்கு அருகில் மட்டும் அமைந்த மார்க்கரானால், இடையில் மறுசேர்க்கை நடந்து மார்க்கர் வந்து மரபணு வராமல் போயிருக்கலாம். மரபணுவே இருந்தாலும் உங்கள் பகுதியின் பூஞ்சையில் அதற்குரிய ஏவிஆர் இல்லாமல் இருக்கலாம். ஆகவே மார்க்கர் காட்டிய செடிகளையும் காட்டாத செடிகளையும் ஒருங்கே ஐசோலேட்டால் சோதித்து, இரண்டு தரவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: மரபணுவை நல்ல ரகத்துக்குள் கொண்டுவாருங்கள்

வழி எளிதுதான்: விவசாயிகள் விரும்பும் ரகத்தோடு மீண்டும் மீண்டும் பிற்கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மார்க்கரால் மரபணு உள்ள செடிகளைத் தேர்வு செய்வது. முதல் பிற்கலப்பில் சராசரியாக 75 சதவீதமும், இரண்டாவதில் 87.5 சதவீதமும், மூன்றாவதில் 93.75 சதவீதமும் பழைய ரகத்தின் மரபு மீண்டுவிடும். ஒரைசா மினுட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்த பை-9, மேலே சொன்ன ஒற்றை மரபணு வரிசைகளுள் ஒன்றில் வைத்துப் பேணப்பட்டு, அங்கிருந்து பூசா பாஸ்மதி 1-க்குள் கொண்டுவரப்பட்டு, 2016-இல் பூசா பாஸ்மதி 1637 என்ற ரகமாக வெளியானது. பாஸ்மதியின் மணமும் நீண்ட அரிசியும் மாறாமல் நோயெதிர்ப்பு மட்டும் சேர்ந்தது இந்த முறையின் வெற்றி.

எல்லா மரபணுக்களும் இவ்வளவு எளிதாக வந்துவிடுவதில்லை. ஜப்பானின் மேட்டுநில ரகமான ஓவரிஹதமோச்சியில் உள்ள பை-21 ஓர் ஒடுங்கு மரபணு. இயல்பான அல்லீல் தற்காப்பை மட்டுப்படுத்துகிறது. அதில் சிறு பகுதிகள் நீங்கிய அல்லீல் தற்காப்பைத் தடையின்றி இயங்கவிடுகிறது. குறிப்பிட்ட எஃபெக்டரை நம்பியிராத இந்த எதிர்ப்பு, முழுமையாக இல்லாவிட்டாலும் நீடித்து நிற்கக்கூடியது. ஆனால் சோற்றின் சுவையைக் கெடுக்கும் மரபணு அதற்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டிருந்ததால், நெடுங்காலம் அதை நல்ல ரகங்களில் சேர்க்க முடியவில்லை. அந்தப் பிணைப்பு அறுந்த அபூர்வமான செடிகளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே வழி பிறந்தது. 2009-இல் அந்த ஆய்வு வெளியானது. பிற்கலப்பில் மரபணுவை மட்டும் பார்த்தால் போதாது, அதன் இருபுறமும் மார்க்கர் வைத்து அண்டைப்பகுதியை நறுக்கிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

ஒரே மரபணுவை நம்பி ரகத்தைப் பெரும்பரப்பில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் பை-கே மரபணுவைத் தாங்கிய குசபுயே ரகம் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பை இழந்தது. இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குவது ஒரு வழி. இரண்டாம் தலைமுறையில் மூன்றும் தூய நிலையில் சேர்வது 64 செடிகளுக்கு ஒன்று என்பதால், போதிய எண்ணிக்கையில் செடிகள் வளர்க்க வேண்டும். வெவ்வேறு மரபணுக்களைத் தாங்கிய, மற்ற எல்லாவற்றிலும் ஒத்த வரிசைகளைக் கலந்து விதைப்பது இன்னொரு வழி. ஜப்பானின் நீகதா மாநிலம் 2005-இல் கோஷிஹிகாரி ரகத்தில் இதை மாநில அளவில் நடைமுறைப்படுத்தியது.

எட்டாம் படி: கதிர்க் கழுத்தையும் சோதியுங்கள்

விளைச்சலைப் பெரிதும் குறைப்பது கழுத்துக் குலை நோய்தான். கதிரின் கழுத்து கறுத்துச் சுருங்கினால் மேலே செல்லும் உணவு தடைபட்டு மணிகள் பதராகிவிடும். நாற்றில் தாங்கிய வரிசை கதிர்ப் பருவத்திலும் தாங்கும் என்று எண்ணிவிட முடியாது. மோடன் என்ற இண்டிகா ரகத்திலிருந்து ஜப்பானிய ரகங்களுக்குச் சென்ற பிபி-1 என்ற மரபணு இதற்கு மறுபுறச் சான்று: இளம் பருவத்தில் அதன் விளைவு குறைவு, பயிர் முதிர முதிர வலுப்பெற்றுக் கதிரைக் காக்கிறது. நாற்றங்கால் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கழித்திருந்தால் அந்த மரபணு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆகவே தேர்ந்தெடுத்த வரிசைகளைப் பூக்கும் நாளை ஒட்டிப் பிரித்து விதைத்து, எல்லா வரிசைகளிலும் பனியும் ஈரமும் உள்ள நாட்களில் கதிர் வெளிவருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சில வரிசைகள் வறண்ட நாட்களில் கதிர்விட்டுத் தப்பிவிட்டால் ஒப்பீடு செல்லாது. பாதிக்கப்பட்ட கதிர்களை எண்ணி மொத்தக் கதிர்களின் சதவீதமாகக் குறியுங்கள். நோயுற்ற கழுத்துகளை உலரவைத்து உறையிலிட்டு, இடம், ரகம், தேதி, பயிரின் பருவம் ஆகியவற்றை அதன்மேல் எழுதி, அவற்றிலிருந்து புதிய ஐசோலேட்டுகளை எடுத்து மூன்றாம் படியில் சொன்ன ஒற்றை மரபணு வரிசைகளின் மேல் ஆண்டுதோறும் தெளித்துப் பாருங்கள். உங்கள் ரகத்தில் உள்ள மரபணுவைத் தாங்கிய வரிசையில் மதிப்பெண் 3-ஐத் தாண்டத் தொடங்கும் ஆண்டிலேயே மாற்று மரபணுவுக்கான பிற்கலப்பைத் தொடங்கிவிட வேண்டும்.